பேட்டரி இல்லாத மைக்

பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. அது அந்த ரிஜிஸ்டரோடு சரி. மற்றபடி தெருவுக்கும் உறவுக்கும் அவள் தகரம்.

அப்பா டிங்கர் வேலைக்காரர். மோதி நசுங்கி வருகிற லாரி, பஸ்ஸின் உடம்பைத் தட்டி நேராக்குவது தொழில். முன்னால் ஷெட், பின்னால் இரண்டு அறை வீடு. காலை ஏழு மணிக்குச் சுத்தியல் விழுந்தால் பொழுது சாய்கிற வரை ஓயாது. அந்த வீட்டில் உப்பு எங்கே என்று கேட்பதற்கும் அடிவயிற்றிலிருந்து கேட்க வேண்டும். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் மகளுக்குத் தொண்டை அப்படி ஆனது என்பது அம்மாவின் கட்சி. பிறந்தபோது குரல் நன்றாகத்தான் இருந்தது, சுத்தியலோடு மல்லுக்கு நின்று கரகரத்துப் போனது என்பாள். அப்பா வழி அத்தைகள் மூன்று பேரும் இதை ஒத்துக்கொண்டதே இல்லை. உங்கள் பக்கம் யாருக்குத்தான் குரல் தேனாக ஒழுகியது என்று திருப்பிக் கேட்பார்கள். எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ, வந்தது வந்ததுதான். கனத்த குரல். மணலும் சரளையும் கலந்து கொட்டுகிற மாதிரி இருக்கும்.

அந்தக் குரலால் வீட்டுக்கு ஒரு லாபமும் இருந்தது. முப்பது வருடச் சுத்தியல் அப்பாவின் காதைப் பாதி தின்றுவிட்டது. அதிலும் மெல்லிய சத்தங்களைத்தான் முதலில் தின்றது. சைக்கிள் மணி போச்சு, விசில் போச்சு, அம்மாவின் பேச்சும் போச்சு. மகளின் குரல் மட்டும் எப்படியோ உள்ளே போகும். அதனால் எதிரே உட்கார்ந்திருக்கிற புருஷனுக்கே அம்மா மகள் வழியாகத்தான் சேதி சொல்வாள். திட்டும் அதே வழியில்தான் போகும். மகள் அதில் கொஞ்சம் காரத்தைக் குறைத்துத் தருவாள்.

பத்து வயதில் பள்ளி ஆண்டு விழாவுக்குக் கூட்டுப் பாட்டில் அவளைச் சேர்த்தார்கள். உயரமாக இருக்கிறாள், பின்வரிசை நிறையும் என்றுதான் சேர்த்தது. முதல் ஒத்திகையிலேயே பாட்டு டீச்சர் காதைப் பொத்திக்கொண்டார். யாரது தகரத்தை இழுக்கிறது என்று கேட்டார். பெயர் அன்றைக்கு வந்து ஒட்டியதுதான். பிறகு அவளைத் தனியே கூப்பிட்டு, "நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்மா. சத்தம் வேண்டாம்" என்றார். அவளும் அசைத்தாள். விழாவுக்கு அப்பா சட்டை மாற்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரும்பி நடக்கையில் கேட்டார்.

"ஏம்மா, நீ பாடவே இல்லையா? உன் வாய் அசைஞ்சுது. எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

அவள் வீட்டுக்கு வந்து, ஷெட்டில் சாய்த்து வைத்திருந்த பஸ் கதவின் முன்னால் நின்று, முழுப் பாட்டையும் தொண்டை கிழியப் பாடினாள். அப்பா கேட்டு முடித்து, இது நல்ல பாட்டாச்சே என்றார். இனிமேல் சத்தமில்லாமல் வாய் அசைக்கிறதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தாள். பத்து வயதுப் பிள்ளையின் முடிவுதானே என்று யாரும் அதைக் கணக்கில் வைக்கவில்லை.

அம்மாவோடு பிறந்தவர்கள் இரண்டு பேர். மூத்தவர் கப்பல் வேலைக்குப் போனவர், அவர் இந்தக் கதைக்கு வரமாட்டார். கடைசித் தம்பிதான் மைக் செட் மாமா. கூட்டம், கல்யாணம், கடை திறப்பு என்று எதற்கும் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பவர். பள்ளி விட்டால் அவள் அங்கே போய்விடுவாள். வெளியே போகிற மைக் ஒவ்வொன்றையும் பேசிப் பார்த்து அனுப்ப வேண்டும். மாமா உள்ளே மிக்ஸர் பலகையின் முன்னால் உட்கார்ந்திருப்பார். அவள் கடை வாசலில் நின்று, "செக், செக், ஒன், டூ" என்பாள். அந்த முதல் 'செக்' காதில் விழுந்ததும் மாமாவின் கட்டைவிரல் தானாகச் சத்தம் கூட்டுகிற குமிழை மேலே தள்ளும். டீ குடித்துக்கொண்டிருந்தாலும் தள்ளும், யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும் தள்ளும். ஒரு தடவை கண்ணயர்ந்திருந்தபோதுகூடத் தள்ளியது.

அந்தக் கடையில் அவளுக்கு இரண்டு பழக்கம் வந்தது. மைக்கைக் கையில் எடுத்தால் எடையை வைத்தே உள்ளே பேட்டரி இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். இன்னொன்று, பையில் எப்போதும் இரண்டு பேட்டரி வைத்திருப்பாள். மற்ற பெண்கள் பையில் சீப்பு இருக்கிற மாதிரி.

மாமாவுக்கு ஒரே மகன். ட்ரம்ஸ் வாசிப்பான். எந்தத் தாளத்தையும் அரை நொடி முன்னாலேயே அடித்துவிடுவதால் அவனுக்கு அவசரம் என்று பெயர். கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடிக்கு அளவெடுக்கிற நெட்டை ஒருவன் கிட்டார் வாசிப்பான். மூன்று பேரும் சேர்ந்து மாமாவின் குடோனில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். என்ன பெயர் வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது அவள் யோசிக்கவேயில்லை.

"தகரம்னு வைங்க. அவங்க சொல்றதுக்கு முந்தி நாமே சொல்லிருவோம்."

அவள் பாட்டுகளை அவளே எழுதினாள். பெரிய இலக்கியமெல்லாம் இல்லை. ஷெட்டில் கேட்ட தாளம்தான். அதில் ஒன்று இப்படித் தொடங்கும்:

*அடிக்கிற கை உன்னுது,*
*எழும்புற சத்தம் என்னுது.*

இந்த இரண்டு வரியைத் திருப்பித் திருப்பி, படியேறுகிற மாதிரி ஏற்றிக்கொண்டே போவாள். கேட்டவர்களுக்கு முதலில் என்னடா இது என்றிருக்கும். மூன்றாம் தடவை கால் தானாகத் தட்டும். சொந்தக்காரர்கள் அவளையும் அவசரத்தையும் முடிச்சுப் போடப் பார்த்தார்கள். "பாட்டுல அரை நொடி முந்துறான், சகிச்சுக்கிறேன். வீட்டுக்குள்ளயும் முந்தினா யாரால ஆகும்?" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்தாள். அவனுக்கு வருத்தமில்லை. வேறொருத்தியை அவசரமாகக் கட்டிக்கொண்டான்.

குழு ஆரம்பித்து ஆறு வருடம். ஐம்பது பேர், அறுபது பேர் வருவார்கள். அந்தச் சமயத்தில்தான் டிவி சீரியல் டைரக்டர் ஒருவர் எங்கேயோ அவள் பாடுவதைப் பார்த்து ஆள் அனுப்பினார். கூடத்தில் விளக்கு வைத்து நிற்கச் சொன்னார்கள், நின்றாள். அழச் சொன்னார்கள், அழுதாள். முகம் பிரமாதம் என்றார் டைரக்டர். வாய் திறந்து ஒரு வரி பேசியதும் கொஞ்சம் யோசித்தார். பிறகு, பரவாயில்லை, குரல் வேறு வைத்துக்கொள்ளலாம் என்றார்.

அவளுக்கு நெஞ்சில் முள் தைத்தது. ஆனால் மூன்று மாதம்தான் என்றார்கள். டிவியில் முகம் தெரிந்தால் குழுவுக்குக் கூட்டம் வரும் என்று மாமாவும் ஏற்றிவிட்டார். போனாள். மூன்று மாதம் நான்கு வருடமானது.

சீரியலில் அவள் அண்ணி. புருஷனின் தம்பி தங்கைகளைத் தாயாகத் தாங்குகிற, யார் ஏசினாலும் கண் கலங்கி நிற்கிற அண்ணி. படப்பிடிப்பில் வசனத்தை மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை. காமிராவுக்குப் பின்னாலிருந்து ஓர் உதவியாளர் ஒவ்வொரு வரியாகப் படிப்பார், அவள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு வேறொரு பெண் ஒலிப்பதிவு அறையில் பேசி அந்த உதட்டில் ஒட்டவைப்பாள். தேனில் ஊறிய குரல். ஒருநாள் அவளுக்கு விஷமம் வந்தது. அழுகைக் காட்சியில், உதவியாளர் ஒரு பக்கம் படித்துக்கொண்டிருக்க, இவள் தேம்பித் தேம்பி, "சோப்பு, பல்பு, கொசுவத்தி, அரைக் கிலோ சர்க்கரை" என்று வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமானை ஒப்பித்தாள். டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓகே சொன்னார். அந்தக் காட்சியைப் பார்த்து எத்தனையோ வீட்டில் அழுதார்களாம்.

அவள் வீட்டில் மட்டும் கதை வேறு. ஏழரை மணிக்கு டிவி முன்னால் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். மகள் முகம் வரும், உதடு அசையும், அவருக்கு ஒன்றும் கேட்காது. சத்தத்தை ஏற்றச் சொல்வார். அம்மா ஏற்றிக்கொண்டே போவாள். நாற்பத்தெட்டில் வைத்தால் சுவரில் மாட்டியிருக்கிற காலண்டர் ஆடும், பக்கத்து வீட்டு டீச்சரம்மா சுவரைத் தட்டுவாள். அப்போதும் அவருக்குக் கேட்காது. கடைசியில் ஒருநாள், "ஏம்மா, மறுபடியும் வாயை மட்டும் அசைக்கிறியா?" என்று கேட்டார். இருபது வருடத்துக்கு முந்தியதை மனுஷன் மறக்கவில்லை.

மாமா சொன்ன கூட்டம் வந்தது, அதை இல்லையென்று சொல்ல முடியாது. ஐம்பது பேர் வந்த இடத்தில் ஐந்நூறு பேர் வந்தார்கள். ஆனால் வந்தவர்கள் அண்ணியைப் பார்க்க வந்தவர்கள். அவள் வாயைத் திறந்து பாடியதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சளி பிடித்திருக்கிறதோ என்றார்கள் சிலர். பாடுவதற்காகக் குரலை மாற்றிக் கரகரவென்று வைத்துக்கொள்கிறாள், எல்லாம் பாவனை என்றார்கள் சிலர். ஒரு மண்டபத்தில், முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள், நல்ல மனசுக்காரி, எழுந்து நின்று பாசமாகக் கேட்டாள்.

"அண்ணி, இந்த வேஷமெல்லாம் எதுக்கு? உங்க சொந்தக் குரல்ல ஒரு பாட்டுப் பாடுங்களேன்."

சபை கை தட்டியது. அவசரம் கூட அன்றைக்கு அடிக்க மறந்து உட்கார்ந்திருந்தான். தன் தொண்டையிலிருந்து வருவதையே தன்னுடையது இல்லையென்று சொல்கிற ஐந்நூறு பேர் முன்னால் அவள் நின்றாள். சண்டை போடவில்லை. அதே பாட்டை இன்னொரு தடவை, முன்னைவிடக் கரகரப்பாகப் பாடினாள். பாதிப் பேர் எழுந்து போனார்கள்.

மறுநாளே டைரக்டரிடம் போய், இனிமேல் என் வசனத்தை நானே பேசுகிறேன் என்றாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான்கு வருடமாக வீடு வீடாகப் போய் உட்கார்ந்துவிட்ட குரல், அதை மாற்றினால் சீரியலே படுத்துவிடும் என்றார். சரி, அந்தக் குரலையாவது நேரில் பார்த்துவிடுவோம் என்று ஒலிப்பதிவு அறைக்குப் போனாள்.

உள்ளே, கழுத்தில் சால்வை சுற்றிக்கொண்டு, மடியில் வெந்நீர் பிளாஸ்க்கோடு ஒல்லியாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தகரத்தைவிடப் பத்து வயது மூத்தவள். இவளைப் பார்த்ததும் எழுந்து, கையைப் பிடித்துக்கொண்டு முதல் கேள்வியே இப்படிக் கேட்டாள்.

"அந்த அழுகை சீன்ல நீங்க என்னதான் சொன்னீங்க? உங்க உதட்டுல வசனத்தை ஒட்ட வைக்கிறதுக்குள்ள எனக்கு அரை நாள் போச்சு."

கொசுவத்தி விஷயத்தைச் சொன்னதும் இருவரும் சிரித்த சிரிப்பில் பிளாஸ்க் கவிழ்ந்தது. அந்தப் பெண் அண்ணிக்கு மட்டுமில்லை, அதே சீரியலில் நாத்தனாருக்கும், வேலைக்காரிக்கும், தொட்டில் குழந்தையின் அழுகைக்கும் சேர்த்துக் குரல் கொடுக்கிறவள். அண்ணியும் நாத்தனாரும் சண்டை போட்டால் இவள் தன்னோடுதானே சண்டை போட்டுக்கொள்வாள். கடைக்குப் போனால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்றாள். அவள்மேல் இவளுக்குக் கோபம் வரவில்லை. போகிற போக்கில் அவள்தான் அந்தச் சேதியையும் சொன்னாள். சீரியலின் ஆயிரமாவது எபிசோட் விழாவுக்காக இவளுடைய 'அடிக்கிற கை' பாட்டைத் தன்னைப் பாடவைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள், மேடையில் நீங்கள் பாடுவது போல வரும் என்றார்கள், உங்களுக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன் என்றாள். போட்டும் காட்டினாள். நல்லாத்தான் பாடியிருந்தாள். தாலாட்டுப் போல இருந்தது.

வசனம் அவர்கள் எழுதியது, யார் குரலிலும் போகட்டும். பாட்டு அவளுடையது. அது இன்னொருத்தி குரலில் ஊரெங்கும் போய்விட்டால், பிறகு இவள் எங்கே நின்று பாடினாலும் இவள்தான் போலி. அப்படி ஆகிவிட்டால் மீட்க வழியே கிடையாது. நேரே டைரக்டரிடம் போனாள். அவர் கோபப்படக்கூட இல்லை.

"எல்லாம் முடிவாகிப்போச்சும்மா. நேரலை, ரிஸ்க் எடுக்க முடியாது. நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. முகத்தில் காட்டவில்லை. நான்கு வருடம் நடித்தவள் இல்லையா.

"வாயைத்தானே சார்? நல்லாவே அசைக்கிறேன்."

விழா சாயங்காலம் ஆறு மணிக்கு. ஒலிபெருக்கி ஏற்பாடு மாமாவுடையது. இத்தனை பெரிய வேலை அவர் கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. புதுச்சட்டை போட்டுக்கொண்டு, மண்டபத்தின் நடுவில் மேடைக்கு எதிரே மிக்ஸர் பலகையோடு உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் அப்பா, அம்மா, மூன்று அத்தைகள். மேடையில் அவசரத்தின் ட்ரம்ஸ் மேல் துணி போர்த்தி, சத்தமில்லாமல் தட்டச் சொல்லியிருந்தார்கள். நெட்டையின் கிட்டாருக்கு ஒயரே இல்லை. ஒருவருக்கும் வேலை இல்லாத கச்சேரி.

மேடை ஏறுமுன் மாமா வந்து அவள் கையில் மைக்கைக் கொடுத்தார். வாங்கிய கை உடனே சொல்லிவிட்டது.

"மாமா, இதுல பேட்டரி இல்ல."

மாமா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எடுக்கச் சொன்னாங்க. நான் என்ன பண்ணட்டும்? ஊர்ல பாதிப் பேர் இப்படித்தான் பாடுறாங்க. ஒரு பாட்டு, நாலு நிமிஷம், பல்லைக் கடிச்சுக்க."

"பல்லைக் கடிச்சுக்கிட்டு எப்படி மாமா வாயை அசைக்கிறது?" என்று கேட்டுவிட்டு, அவள் பாட்டுக்கு ஏறிப் போனாள்.

விளக்கு விழுந்தது. அண்ணி, அண்ணி என்று மண்டபம் இரைந்தது. ட்ராக் ஓடத் தொடங்கியது. முதலில் முக்கால் நிமிடம் வெறும் வாத்தியம், பிறகுதான் குரல் வரும். அந்த முக்கால் நிமிடத்தில் அவள் சாவகாசமாகத் தோள்பையைத் திறந்தாள். மேடையில் தோள்பை எதற்கு என்று யாருக்கும் கேட்கத் தோன்றியிருக்கவில்லை, ஏதோ அலங்காரம் என்று விட்டுவிட்டார்கள். ஆயிரம் பேர் பார்த்திருக்க, மைக்கின் அடிப்பாகத்தைத் திருகினாள். ஒரு பேட்டரி, இன்னொரு பேட்டரி. திருகி மூடினாள். பொத்தானை அழுத்தினாள். மாமாவின் பலகைக்குப் பக்கத்தில், ஒயரில்லாத மைக்கின் சத்தத்தை வாங்குகிற பெட்டியில் சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிந்தது. மாமா அதைப் பார்த்தார். ஆனால் குமிழ் கீழே கிடந்தது. கீழே கிடக்கட்டும் என்பதுதான் உத்தரவு. அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் மாமாவையே பார்த்தாள். கெஞ்சவில்லை. மைக்கை வாயருகே வைத்து, கடை வாசலில் நின்று சொல்கிற அதே மாதிரி, ஷெட்டுச் சுத்தியலைத் தாண்டிப் பழகிய தொண்டையால் சொன்னாள்.

"செக்."

மைக் இல்லாமலே அது பலகை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. மாமாவின் கட்டைவிரல் மேலே போய்விட்டது. பழக்கத்தில் போனதுதான், அதை அவர் பிற்பாடு எத்தனை பேரிடம் சத்தியம் பண்ணினார். விரல் போன பிறகுதான் மூளைக்குத் தெரிந்தது. "செக், ஒன், டூ" என்று மண்டபம் அதிர்ந்தது. அதே நொடியில் ட்ராக்கில் தேன் குரல் பாட்டை ஆரம்பித்தது. இவளும் ஆரம்பித்தாள். முதல் வரி இரண்டு குரலிலும் சேர்ந்து வந்தது, பட்டுத்துணியைத் தகரத்தில் மாட்டி இழுத்த மாதிரி. சேனல்காரர் ஒருவர் பலகையை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார். மாமாவுக்கு இருந்தது இரண்டு மூன்று நொடி. ஒரு குமிழை இறக்கியாக வேண்டும். எது என்பதுதான் கேள்வி.

ட்ராக்கை இறக்கினார். முதலில் ஏற்றியது பழக்கம். இந்த இறக்கம் தெரிந்தே செய்தது. இதற்கு அவர் யாரிடமும் சத்தியம் பண்ணவில்லை. ஓடி வந்த சேனல்காரர், நேரலையில் பாட்டைப் பாதியில் அறுக்கவும் முடியாமல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ட்ராக் போனதும் மேடையில் அவள் குரல் மட்டும் தனியே நின்றது. அவசரம் துணியை உருவி எறிந்துவிட்டு, வழக்கம்போல அரை நொடி முந்தி அடித்தான். நெட்டை ஒயரில்லாத கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டித் தாளம் போட்டான். *அடிக்கிற கை உன்னுது, எழும்புற சத்தம் என்னுது.* முதல் தடவை மண்டபம் திகைத்தது. சிலர் சிரித்தார்கள். ஒருவர் ஊளையிட்டார். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. கால்கள் தட்டின. எல்லாரும் தட்டினார்கள் என்று சொன்னால் பொய். பின்வரிசைகளில் நிறையப் பேர் கடைசி வரை கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். முன்வரிசையில் அப்பா, பாட்டு முடியும் வரை அசையவில்லை. முடிந்ததும் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆளிடம், பாட்டுச் சரியாகக் கேட்டதா என்று விசாரித்தார். அவர் கேட்டது என்றார். எனக்கும் கேட்டது என்றார் அப்பா. அத்தைகள் மூவரும், இது எங்கள் பக்கத்துக் குரல் என்று அன்றைக்குத்தான் முதல் முதலாகச் சொந்தம் கொண்டாடினார்கள். அம்மா விட்டுக்கொடுக்கவில்லை.

டைரக்டர் மாமாவைப் பிடித்து உலுக்கினார். "கை தவறிடுச்சு சார்" என்றார் மாமா. அந்தக் கம்பெனி வேலை அதன் பிறகு அவர் கடைக்கு வரவில்லை.

அடுத்த வாரமே அண்ணிக்கு முகம் மாறியது. இவருக்குப் பதில் இவர் என்று கீழே ஒரு வரி ஓடியது, அவ்வளவுதான். குரல் அதே குரல். ஊர் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு மூன்றாம் நாள் புது அண்ணிக்காக அழத் தொடங்கியது. வெந்நீர் பிளாஸ்க் அக்கா மட்டும் போன் பண்ணி, புது உதட்டில் ஒட்டவைப்பது சுலபமாக இருக்கிறது, ஆனால் போரடிக்கிறது என்றாள்.

தகரம் குழுவுக்கு மறுபடி கூட்டம் குறைந்தது. ஐந்நூறு இருநூறானது. ஆனால் அந்த இருநூறும் அவள் குரலைக் கேட்க வந்தவர்கள். சொந்தக் குரலில் பாடு என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. டிவியிலிருந்து ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள், முகம் முகம் என்று. என் குரலோடு சேர்த்துத்தான் முகம், தனித்தனியாகத் தருவதில்லை என்று வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினாள். ஒன்றரை வருடம் அப்படிப் போனது. திமிர் பிடித்தவள் என்று பெயரும் கிடைத்தது. கடைசியாக வந்த ஒரு டைரக்டரம்மா, லாரி ஷெட் நடத்துகிற ஒருத்தியின் கதை வைத்திருப்பதாகச் சொன்னாள். குரல் யாருடையது என்று இவள் கேட்டாள். அந்தக் குரலுக்காகத்தானே வந்தேன் என்றாள் அவள்.

இப்போது அந்த லாரி ஷெட்காரி சீரியல்தான் ஏழரை மணிக்கு வருகிறது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். அம்மா சத்தத்தைப் பதினெட்டில் வைப்பாள். நாற்பத்தெட்டுக்கு ஏற்றிப் பழகிய கை, எப்போதாவது இருபதைத் தாண்டினால் அப்பா, "எதுக்கு இவ்ளோ சத்தம்? எனக்கென்ன காது கேக்காதா?" என்று அதட்டுவார்.

பக்கத்து வீட்டு டீச்சரம்மாதான் இப்போது குறைபட்டுக்கொள்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்த சீரியலை இப்போது டிவியைப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறதாம்.